ஏடும் பேழையும்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், பெரும் பாறைகளிடையே அமைந்துள்ளது அலுவிகாரை. கி. மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், அதுகாறும் வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த திரிபிடக நூல்கள் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற இடம் இதுவே என்பது வழிவழியாகப் போற்றப்பட்டுவரும் செய்தி. பஞ்சமும் போரும் நாட்டை அலைக்கழித்த காலம் அது. நூலை நெஞ்சிற் சுமந்த துறவியர் மடியின் அவரோடு நூலும் மடியும் என்ற அச்சமே அவர்களை எழுத்தாணி எடுக்கச் செய்தது. பின்னாளில் அவ்விகாரையிலிருந்த ஏட்டுத் தொகுதி 1848ஆம் ஆண்டின் மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிவுற்றது. இன்று அங்குச் செல்வோர், தாளிப்பனை ஓலையில் எழுத்தாணியாற் கீறி மையூட்டும் பழந்தொழிலைக் காணலாம்.

ஏடு அழிந்தது, ஆயினும் நூல் அழிந்திலது. அதனைப் பெயர்த்தெழுதிய ஏடுகள் பிறவிடங்களில் இருந்தமையே அதற்குக் காரணம். எனவே ஏட்டின் மதிப்பு எதன்பாலது என்னும் வினா அவ்விகாரையைக் கண்டு மீளும் எவர் உள்ளத்தும் எழக்கூடியது. ஓலையின் பழமையா, கிடைத்தற்கருமையா, அதில் எழுதப்பட்ட பொருளா, அப்பொருளை மீண்டும் ஓதுவாரின் இருப்பா? இவ்வினா இன்று, ஏட்டோடு சிறிதும் தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு பொருளைப்பற்றி மீண்டும் எழுந்துள்ளது. அப்பொருள், 1980களிலும் 1990களிலும் இளைஞர் கையிற் புழங்கிய வீடியோ விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ். அதனைச் சேகரிப்பார் தொகை மேனாடுகளிற் பெருகியுள்ளது. அவர்கள் அதற்கு இடும் விலை தகுதியான மதிப்பீடாகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கார்ட்ரிட்ஜ் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்ரிக் பேழை. அதனுள்ளே ஒரு சிறு மின்சுற்றுப் பலகையும், அப்பலகையில் அழிக்கவியலாதபடி பதிக்கப்பட்ட நினைவகச் சில்லும் உள்ளன. ஆட்டம் முழுவதும் அச்சில்லில் எழுதப்பட்டிருக்கும். பேழையைத் தொலைக்காட்சியோடு இணைந்த பெட்டியிலோ, கையடக்கக் கருவியிலோ செருகினாலன்றி அவ்வெழுத்தைக் கண்ணாற் காணவியலாது. ஓலையைப் பிரித்த அளவில் எழுத்தறிந்தவன் அதனைப் படிப்பான். பேழையைப் படிப்பதற்கோ அதற்கெனச் செய்யப்பட்ட பொறி வேண்டும். இவ்வொரு வேறுபாட்டை நீக்கிவிட்டால், பேழை இக்காலத்து ஏடு என்பது மிகையாகாது.

இவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருந்துவது டெட்ரிஸ் என்னும் புதிராட்டம். 1984ஆம் ஆண்டில், மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பீட்டு நிலையம் ஒன்றிற் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் என்பவர் இதனை ஆக்கினார். ஐந்து சதுரங்களை ஒட்டிய துண்டுகளை ஒரு பெட்டிக்குள் இடைவெளியின்றி அடுக்கும் பழைய மரப்புதிர் ஒன்று அவர் கருத்தைத் தூண்டியது. அவர் ஐந்தை நான்காகக் குறைத்தார். நான்கு சதுரங்களாலான ஏழு வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலிருந்து விழும். ஆடுவோர் அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் அடுக்கவேண்டும். ஒரு வரிசை முற்றாக நிரம்பின் அது மறையும். நிரம்பாத வரிசைகள் மேன்மேலும் ஏறிக் கூரையைத் தொடின் ஆட்டம் முடியும். இதில் கதையில்லை, மொழியில்லை, வெற்றியென்று ஒரு முடிவும் ஆக்கியோனால் வைக்கப்படவில்லை. செய்த செம்மை மறைந்துபோகச் செய்த பிழைகளே கண்முன் எஞ்சி நிற்கும் இவ்வமைதி, எழுத்தறியாச் சிறுவரையும் கணிதப் பேராசிரியரையும் ஒருங்கே கவர்ந்தது.

இவ்வாட்டத்தின் உரிமை, சோவியத் அரசின் ஏற்றுமதி நிறுவனமாகிய எலோர்க்கிடமிருந்து பல கைகள் மாறி மேனாடு சென்றது. அமெரிக்காவில் அட்டாரி கேம்ஸ் கம்பனியின் கிளையாகிய டெங்கன், தனக்கு உரிமையுண்டெனக் கருதி, நின்டெண்டோப் பெட்டியில் ஆடத்தக்க டெட்ரிஸ் பேழையை 1989 மே மாதத்திற் கடைகளுக்கு அனுப்பியது. அதற்கிடையில் நின்டெண்டோ, ஹென்க் ரொஜர்ஸ் என்பவரின் முயற்சியால், வீட்டு விளையாட்டுப் பெட்டிகளுக்கான உரிமையை எலோர்க்கிடமிருந்து நேரே பெற்றிருந்தது. வழக்கு எழுந்தது. முந்திய ஒப்பந்தம் வழங்கிய உரிமை கணினிக்கு உரியது. ஆகவே தொலைக்காட்சியோடு இணையும் விளையாட்டுப் பெட்டி ‘கணினி’ என்ற சொல்லுள் அடங்குமா, அடங்காதா என்பதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. 1989 ஜூன் மாதத்திற் கலிபோர்னியாவிலுள்ள நீதிமன்றம் டெங்கன் பேழைக்குத் தடைவிதித்தது. சில வாரங்களே கடையிலிருந்த அப்பேழை மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் நின்டெண்டோவின் சொந்தப் பேழை வெளிவந்து பல இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. அந்நிறுவனம் கேம்போய் என்னும் கையடக்கக் கருவிக்கு வெளியிட்ட டெட்ரிஸ் பேழையோ ஏறத்தாழ மூன்றரைக் கோடி விற்றது.

இன்று பழைய பொருட் சந்தையில், நின்டெண்டோவின் பேழை எளிய விலைக்குக் கிடைக்கும். டெங்கன் பேழைக்கு அதனினும் சில மடங்கு மிகுதியாகக் கொடுக்கவேண்டும். செகா நிறுவனம் தன் மெகாடிரைவ் பெட்டிக்கென அதே காலத்தில் ஆக்கி, உரிமைச் சிக்கலால் வெளியிடாது நிறுத்திய டெட்ரிஸ் பேழையிலோ மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அதன் விலை சாதாரண மனிதர் நினைத்தற்கும் அரிது. இம்மூன்றிலும் விழுவன அவ்வேழு வடிவங்களே. அடுக்கும் விதியும் ஒன்றே. ஆட்டத்தின் சிறப்பே விலையை அமைக்குமாயின் இவற்றின் விலைகள் இத்துணை வேறுபடுதற்கு இடமில்லை. ஆகவே இவ்விலை ஆட்டத்தை அளப்பதன்று என்பது தெளிவு. ஒரு சொல்லின் பொருள்பற்றி எழுந்த வழக்கையும், அவ்வழக்காற் குவிந்தழிந்த பெட்டிகளையுமே அஃது அளக்கின்றது. கிடைத்தற்கருமை என்பது பொருளின் குணமன்று. அப்பொருளின் வரலாற்றில் நேர்ந்த ஒரு விபத்தின் விளைவு.

விலையை நிறுவும் மற்றொரு காரணம் பொருளின் நிலை. சேகரிப்போர் பேழையை மட்டும் நாடுவதில்லை. அட்டைப்பெட்டி, கைந்நூல், தொழிற்சாலையில் இட்ட கண்ணாடித்தாள் உறை ஆகியவற்றையும் நாடுவர். பிரிக்கப்படாத பெட்டியை ஆராய்ந்து, பத்துக்கு இத்தனை புள்ளியென மதிப்பிட்டு, பளிங்குபோன்ற பிளாஸ்ரிக் கூட்டினுள் அடைத்துத் தருவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. 2021 ஜூலையில் அமெரிக்க ஏல விற்பனை ஒன்றில், இவ்வாறு அடைக்கப்பட்ட சூப்பர் மாரியோ 64 பேழையொன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்கு விலைபோயிற்று. அது புதிராட்டமன்று, எனினும் சந்தையின் இயல்பைக் காட்டுதற்கு அதனிற் சிறந்த சான்றில்லை. 1996இல் வெளிவந்த அவ்வாட்டம் ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஆட்டம் அரியதன்று, பேழையும் அரியதன்று. ஒருவராலும் தொடப்படாத உறையே அரியதாயிற்று.

இதிலுள்ள முரண்பாடு கருதத்தக்கது. ஆடப்பட்ட பேழை விலையிழக்கின்றது, ஆடப்படாதது விலையேறுகின்றது. அவ்வுறையைப் பிரித்து ஆட்டத்தைக் காணவிரும்பும் ஒருவன், காணும் அச்செயலாலேயே தன் செல்வத்தைக் கெடுத்தவனாகின்றான். உள்ளிருக்கும் சில்லு இன்னும் இயங்குகின்றதா என்பதும் வாங்குவோனுக்குத் தெரியாது. ஏட்டுக்கட்டின் கயிறு அவிழாதிருந்தால் மட்டுமே அதற்கு விலையென்று ஒரு புலவன் கூறியிருப்பின் உலகம் அவனை எவ்வாறு கருதியிருக்குமோ, அவ்வாறே இதனையும் கருதவேண்டும்.

இதனோடு ஒப்புநோக்க, மாத்தளைப் பகுதியின் வீடுகளிலும் அறியப்பட்ட பழைய ஆட்டம் ஒன்றுண்டு. தமிழர் பல்லாங்குழி என்றும், சிங்களவர் ஒலிந்த கெலிய என்றும் வழங்கும் குழியாட்டமே அது. சிங்களத்தில் ஒலிந்த என்பது குன்றிமணியின் பெயர். சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் மகளிர் ஆடிமகிழ்ந்த இவ்வாட்டத்திற்கெனக் கண்டி நாட்டுத் தச்சர் பூவேலை செறிந்த மரப்பலகைகளைச் செதுக்கினர். அவற்றுட் சில இன்று அரும்பொருட் காட்சிச்சாலைகளைச் சேர்ந்துள்ளன. அப்பலகையின் செதுக்குவேலை மதிக்கத்தக்கதே. எனினும் பலகையில்லாத ஏழை வீட்டிலும் ஆட்டம் நின்றதில்லை. முற்றத்து மண்ணில் ஏழேழாக இருவரிசைக் குழி பறித்து, புளியங்கொட்டையையோ குன்றிமணியையோ இட்டு ஆடினர். ஆட்டம் பாட்டியின் நினைவிலும் பேர்த்தியின் விரல்களிலும் வாழ்ந்தது. ஆகவே பலகைக்குரிய மதிப்பையும் ஆட்டத்திற்குரிய மதிப்பையும் ஒருவரும் மயக்கிக்கொள்ள நேர்ந்ததில்லை.

பேழையின் நிலை அவ்வாறன்று. கேம்போய் டெட்ரிஸ் முழுவதும் 32 கிலோபைற் அளவுள்ள எழுத்தில் அடங்கியது. விதியை மண்ணிற் கீறிக்கொள்ளலாம். ஆயின் வடிவங்கள் விழும் வேகம், திரும்பும் முறை, பொத்தானை அழுத்திய கணத்திற்கும் துண்டு நகரும் கணத்திற்கும் இடையிலுள்ள நுண்ணிய பொழுது ஆகிய யாவும் அவ்வெழுத்திலேயே உள்ளன. எழுத்து அழியின் அவையும் அழியும். குழியாட்டத்தில் ஆட்டத்தை விட்டுப் பிரிந்து நின்ற கலம், இங்கே ஆட்டத்தோடு ஒன்றாகிவிட்டது. இதனாலேயே, பேழையை வைத்திருப்போன் ஆட்டத்தையே உடையவன்போலத் தோன்றுகின்றான். பேழையின் விலை ஆட்டத்தின் மதிப்புப்போலத் தோன்றுகின்றது. மயக்கம் பிறக்கும் இடம் இதுவே.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் நெறி தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளையும், தமிழகத்து உ. வே. சாமிநாதையரும் ஏடு தேடி ஊரூராக அலைந்தனர். அவர்களும் சேகரித்தோரே, கிடைத்தற்கரிய ஏட்டைக் கண்டபோது அவர்கள் அடைந்த மகிழ்ச்சி எந்தச் சேகரிப்போனது மகிழ்ச்சிக்கும் குறைந்ததன்று. 1887இற் கலித்தொகையும் சீவகசிந்தாமணியும் அச்சேறியமை அவ்வலைச்சலின் பயன். ஆனால் அவர்கள் ஓர் ஏடு கிடைத்த அளவில் அமைந்தாரல்லர். அதே நூலின் வேறு ஏடுகளையும் தேடினர், ஒன்றோடொன்று ஒப்பிட்டனர், வேறுபட்ட பாடங்களைக் குறித்தனர். ஓர் ஏடு, மற்றவற்றில் இல்லாத பாடத்தைத் தருமாயின் அதற்கு உயர்ந்த மதிப்பளித்தனர். அது சிதைந்திருப்பினும், செல்லரித்திருப்பினும் அம்மதிப்புக் குறையவில்லை. படித்தற்கு உரியது என்பதனாலேயே ஏடு அவர்க்கு விலைமதிப்பற்றதாயிற்று.

இவ்வளவுகோலை டெங்கன் பேழைக்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். அதனை எழுதியவர் எட் லொக் என்னும் நிரலாளர். அவருடைய ஆட்டத்தில் இருவர் ஒரே திரையில் ஒருங்கே ஆடலாம். ஒருவரையொருவர் வெல்ல முயலலாம். ஒரே களத்தில் இருவருங்கூடித் துணைசெய்தும் அடுக்கலாம். பின்னர் வெளிவந்த நின்டெண்டோப் பேழை தொலைக்காட்சிப் பெட்டியில் ஒருவர் ஆடுவதற்கு மட்டுமே இடந்தந்தது. தனிமையிற் பிழைதிருத்தும் ஆட்டமொன்றை இருவர் கூடிச்செய்யும் வேலையாக மாற்றிய பாடம் அக்கரிய பேழையில் உள்ளது. டெங்கன் பேழையின் உண்மையான மதிப்பு இதுவே. அது மீளப்பெறப்படாது கோடிக்கணக்கில் விற்றிருப்பினும் இம்மதிப்பு இம்மியும் குறைந்திராது. சந்தை சரியான பொருளுக்கு உயர்விலை வைத்துள்ளது. ஆயின் வைத்த காரணம் தவறானது. காரணம் தவறாயின், மற்றொரு பொருளில் விலையும் தவறிவிடும். பாடவேறுபாடு எதுவுமின்றி, உறை கிழியாமையொன்றாலேயே பெருவிலை பெறும் பெட்டிகள் அத்தவற்றிற்குச் சான்று.

சேகரிப்போர் சார்பிலும் சொல்லவேண்டியவை உண்டு. விலையொன்று இல்லாதிருப்பின் இப்பேழைகளிற் பெரும்பாலானவை குப்பைமேட்டைச் சேர்ந்திருக்கும் என்பர் அவர். இது மெய். வழக்கில் தோற்ற பேழையொன்று இன்றளவும் எஞ்சியிருப்பதற்கு, அதனை விற்காது வைத்திருந்த மனிதரே காரணர். மேலும் அட்டைப்பெட்டியும் கைந்நூலும் வெறும் அணிகலன்கள் அல்ல. ஆட்டம் தன் காலத்தார்க்கு எவ்வாறு அறிமுகஞ்செய்யப்பட்டது என்பதைக் காட்டும் ஆவணங்கள். பேழையைத் திறந்து அதன் மின்பலகையை ஆராய்வோர், எந்த ஆண்டில் எந்த முறையில் அது ஆக்கப்பட்டது என்பதையும் கூறவல்லர். ஏட்டின் இறுதியில் எழுதினோன் பெயரும் எழுதிய நாளும் காணப்படுதல் போன்றது இது. எனவே கலத்தைப் பேணுதல் வீண்செயல் எனல் பொருந்தாது. கலத்தைப் பேணுவோர் அதனைத் திறவாமையையே பேணுதலாகக் கொள்வதுதான் மறுக்கத்தக்கது.

தனியார் ஆசையை முற்றிலும் பழிக்கவியலாமைக்கு இன்னுமொரு காரணமுண்டு. ஏட்டைப் பெயர்த்தெழுதுவாரை எந்தச் சட்டமும் தடுத்ததில்லை. பேழையின் எழுத்தைப் பெயர்ப்பதற்கோ பதிப்புரிமைச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லையெனக் கண்டது. அவற்றை ஆராய விரும்புவோர் பழைய பேழையைத் தேடவேண்டும். அன்றி நூலகத்திற்கு நேரிற் செல்லவேண்டும். நூலகங்கள் தம்மிடமுள்ள ஆட்டங்களைத் தொலைவிலிருக்கும் ஆராய்ச்சியாளர்க்கு இணையவழியே திறந்துவிட இசைவு கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. டெட்ரிஸ் இன்றும் விற்பனையிலுள்ள பேறுபெற்ற ஆட்டம். அதனோடு பிறந்த வேறு எத்தனையோ புதிராட்டங்களுக்கு அப்பேறில்லை. அவை எவரோ ஒருவர் வீட்டு அலமாரியிற் கிடக்கும் பேழையிலேயே உயிர் வைத்திருக்கின்றன. அலமாரிக்கு உரியவர் பளிங்குக் கூட்டை விரும்புவாராயின் அவ்வாட்டத்தின் நிலை இரங்கத்தக்கது. அச்சில்லும் காலத்தால் நலிவது. கூட்டினுள் இருக்கையிலேயே அஃது ஊமையாகிவிடினும் அறிவார் இலர்.

பொது நிறுவனங்கள் வேறொரு மதிப்பீட்டு முறையைக் காட்டியுள்ளன. நியூயோர்க்கிலுள்ள நவீன கலைக் காட்சிச்சாலை 2012 நவம்பரில் 14 வீடியோ ஆட்டங்களைத் தன் தொகுதியிற் சேர்த்தது. அவற்றுள் டெட்ரிஸும் ஒன்று. அங்கு நோக்கப்பட்டது பெட்டியின் பழமையன்று; ஆடுவோனுக்கும் பொறிக்கும் இடையே நிகழும் செயலின் அமைப்பு. அதனைக் காண்போர் ஆடிப்பார்க்க இயலவேண்டும் என்பது அச்சேகரிப்பின் கருத்து.

ஆடுதலாலேயே ஆட்டத்தின் மதிப்பு வளரும் என்பதற்கு அண்மை நிகழ்ச்சியொன்று போதிய சான்றாகும். நின்டெண்டோ 1989இல் வெளியிட்ட அந்த எளிய விலைப் பேழையில், 29ஆம் படியே மனிதர் விரல் செல்லத்தக்க எல்லையென நெடுங்காலம் கருதப்பட்டது. இளந்தலைமுறையினர் பொத்தானை அழுத்தும் புதிய முறைகளைக் கண்டு அவ்வெல்லையைக் கடந்தனர். 2023 டிசெம்பரில் 13 வயதுடைய அமெரிக்கச் சிறுவன் ஒருவன் 157ஆம் படிவரை சென்றபோது, ஆட்டத்தின் நிரலே செயலற்று உறைந்து நின்றது. முடிவில்லாதது என்று எண்ணப்பட்ட ஆட்டத்தின் முடிவை மனிதரொருவர் கண்டது அதுவே முதன்முறை. முப்பத்து நான்கு ஆண்டுகளாக எங்கும் கிடந்த பேழை, தன்னுள் மறைத்து வைத்திருந்த ஒன்றை அன்று வெளியிட்டது. பழைய பொருட் சந்தையில் எளிய விலைக்குக் கிடைக்கும் பேழை அது. 15 இலட்சம் டொலர் பெற்ற கூட்டுப்பெட்டி இத்தகைய செய்தியொன்றை எக்காலத்தும் தரப்போவதில்லை.

இவற்றிலிருந்து, பழைய ஆட்டமொன்றை மதிப்பிடப் புகுவோன் வினவவேண்டியவை சில பெறப்படும். இதில் வேறெங்கும் இல்லாத பாடம் ஏதேனும் உண்டா? இதன் எழுத்து வேறிடத்துப் பெயர்த்து வைக்கப்பட்டுள்ளதா? இதனை ஆக்கியோர், ஆடியோர்பற்றி இக்கலம் கூறுவது யாது? இன்னும் இதனை ஆடுவார் உளரா? இந்நான்கிற்கும் விடைகண்ட பின்னரே சந்தை விலை என்னவென்று கேட்டல் முறை. விலை முதல் வினாவாக வரின் ஏனைய நான்கும் கேட்கப்படாமலே போய்விடும்.

இவ்வினாக்கள் மேனாட்டுப் பேழைகளோடு முடிவன அல்ல. மாத்தளை மாவட்டத்து வீடுகளின் பரண்களில் மருத்துவ ஏடும், சோதிட ஏடும், குழியாட்டப் பலகையும், பிள்ளைகள் ஆடிக்கழித்த பழைய விளையாட்டுக் கருவியும் கிடக்கக்கூடும். பழம்பொருள் வாங்குவோர் முதலிற் கூறுவது விலையையே. கல்லூரி மாணவர்க்கு அதற்கு முந்திய கடமையொன்றுண்டு. ஏட்டை விற்குமுன் அதிலுள்ளதைப் படியெடுத்தல் வேண்டும். பலகையைக் கொடுக்குமுன் அதில் ஆடப்பட்ட ஆட்டங்களின் விதிகளைப் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். கருவியை எறியுமுன் அது இயங்குமாயின் ஒருமுறை இயக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.

1848இல் அலுவிகாரையின் ஏடுகள் அழிந்தபோது, அவற்றின் நூல்கள் உலகில் இல்லாதொழியாமைக்குக் காரணம், அவற்றை முன்னரே பலர் அவிழ்த்து, ஓதி, பெயர்த்தெழுதி வைத்திருந்தமையே. காவலிற் பூட்டப்பட்ட ஒரே படி எத்துணை விலை பெறினும் அப்பாதுகாப்பைத் தரவல்லதன்று. பேழைக்கும் ஏட்டுக்கும் இவ்விதி ஒன்றே.